அந்தச் சாவி யார் கையில்?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கடையோ பட்டறையோ கம்பெனியோ நடத்துகிறவர் உங்கள் சொந்தத்தில் இருந்தால், அவருக்கும் அனுப்புங்கள்.

போன மாதம் பேத்திக்குப் பாவாடை சட்டை எடுக்க ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போயிருந்தேன். ஐந்து மாடிக் கட்டடம். மூன்றாவது மாடியில் "சார், நல்லா இருக்கீங்களா?" என்று ஒரு குரல். ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்த பெண். மூன்று வருடமாக அங்கே வேலை பார்க்கிறாளாம். கடைக்குப் பின்னாலேயே விடுதியில் தங்கியிருக்கிறாள்.

லிஃப்ட்டில் ஒரே கூட்டம். "படிக்கட்டு எங்கேம்மா?" என்று கேட்டேன்.

"முன்பக்கம் ஒண்ணு இருக்கு சார். பின்னாடியும் ஒண்ணு இருக்கு, ஆனா அதுல போக முடியாது."

போய்ப் பார்த்தேன். கதவுக்கு மேலே 'அவசர வழி' என்று பச்சைப் பலகை எரிந்துகொண்டிருந்தது. கீழே ஆளுயரத்துக்கு அட்டைப்பெட்டிகள். அவற்றுக்குப் பின்னால் கதவில் ஒரு பூட்டு. சாவி எங்கே என்றேன். "சூப்பர்வைசர் அண்ணன்கிட்ட இருக்கும் சார். அவர் இன்னைக்கு லீவு."

மேனேஜரிடம் சொன்னேன். மரியாதையாகத்தான் பேசினார். "ஐயா, அந்தக் கதவைத் திறந்து வெச்சா சரக்கு வெளியே போயிடும். நஷ்டத்துக்கு யாரு பொறுப்பு?" என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், இதே பதிலை நான் வேறு இடங்களில் படித்திருக்கிறேன்.

1911 மார்ச் 25, சனிக்கிழமை. நியூயார்க்கில் டிரையாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலை. வேலை முடியும் நேரத்தில் தீப்பிடித்தது. இறந்தவர்கள் 146 பேர். பெரும்பாலும் பிழைப்புக்காக வேறு நாடுகளிலிருந்து வந்த இளம்பெண்கள். ஒன்பதாவது மாடியில் ஒரு படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்தது. எதற்குப் பூட்டினார்கள்? வேலை முடிந்து போகிறவர்கள் துணியைத் திருடிக்கொண்டு போய்விடக் கூடாது, எல்லோரும் ஒரே வழியாகப் போனால் பையைச் சோதித்து அனுப்பலாம் என்பதற்காக.

வழக்கு நடந்தது. கதவு பூட்டியிருந்தது அந்த நேரத்தில் முதலாளிகளுக்குத் தெரியும் என்பது சந்தேகமில்லாமல் நிரூபிக்கப்படவில்லை என்று இருவரும் விடுதலையானார்கள். இரண்டு வருடம் கழித்து, 1913இல், அவர்களில் ஒருவர் தன் தொழிற்சாலையில் மறுபடியும் கதவைப் பூட்டி வைத்துப் பிடிபட்டார். அபராதம் 20 டாலர். 146 சாவுக்குப் பிறகும் அந்த மனிதரின் கை பூட்டைத்தான் தேடியிருக்கிறது.

நூறு வருடம் தள்ளி வாருங்கள். 2012 நவம்பர் 24, வங்கதேசத்தில் டாக்காவுக்கு அருகே தாஸ்ரீன் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை. தீ எச்சரிக்கை மணி அடித்தது. எழுந்த தொழிலாளர்களை, ஒன்றுமில்லை, போய் வேலையைப் பாருங்கள் என்று மேலாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். வெளியேறும் வழிகளில் கேட் பூட்டிக் கிடந்தது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நம் ஊரில் எங்கே தீப்பிடித்தாலும் மறுநாள் செய்தியில் ஒரே வரிதான் வரும்: 'மின்கசிவே காரணம் என முதற்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது.' இருக்கலாம். ஆனால் தீப்பிடித்ததற்குக் காரணம் வேறு, ஆட்கள் செத்ததற்குக் காரணம் வேறு. தீ ஒயரிலிருந்து வந்திருக்கும். சாவு அந்தப் பூட்டிலிருந்து வந்திருக்கும். முதல் காரணத்தை விதி என்று சொல்லித் தப்பிக்கலாம். இரண்டாவதை ஒரு மனிதர் தன் கையால் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்.

ஊருக்கு உபதேசம் செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். நானும் பூட்டியவன்தான்.

நான் வேலை பார்த்த பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பையன்கள் வெளியே ஓடுகிறார்கள் என்று, மாடிப்படிக்குக் கீழே இருந்த கம்பிக் கேட்டைப் பூட்டிவிடுவோம். யோசனை என்னுடையது. சாவி வாட்ச்மேனிடம் இருக்கும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரைக் கொட்டகையில் தீப்பிடித்து 94 பிள்ளைகள் போன செய்தி வந்தது. மறுநாள் பள்ளியில் கேட்டைத் திறக்கச் சொல்லி நின்றேன். வாட்ச்மேனைக் காணவில்லை, டீ குடிக்கப் போயிருந்தார். வந்து திறக்கப் பத்து நிமிடம் ஆனது. மேலே நாலு வகுப்புப் பிள்ளைகள். அந்தப் பத்து நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை. வாட்ச்மேன் மேல் கோபப்பட எனக்கு என்ன உரிமை இருந்தது? பூட்டச் சொன்னவன் நான்.

சட்டம் இதில் தெளிவாகவே இருந்திருக்கிறது. 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 38ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். தீப்பிடிக்காமலும் பரவாமலும் தடுப்பது, தப்பிக்கும் வழியைப் பாதுகாப்பாக வைப்பது, தீயை அணைக்கக் கருவிகள் வைப்பது, அந்த வழியைத் தொழிலாளர்களுக்குப் பழக்கி வைப்பது என்று எல்லாம் அதில் இருந்தது. 'தொழிலாளி ஜாக்கிரதையாக இருந்துகொள்ள வேண்டும்' என்று அங்கே கைகழுவிவிடவில்லை. கட்டடமும் சாவியும் யார் கையில் இருக்கிறதோ, பொறுப்பும் அவர் கையில்தான். மாதச் சம்பளத்துக்கு நிற்கும் பெண்ணால் ஒரு பெட்டியைக்கூட நகர்த்தச் சொல்ல முடியாது.

திருட்டுப் பயம் நியாயமானதுதான், மறுக்கவில்லை. அதற்கு வழி இருக்கிறது. வெளியிலிருந்து திறக்க முடியாது, உள்ளே இருந்து தள்ளினால் திறக்கும், திறந்தவுடன் மணி அடிக்கும் என்கிற கதவுகள் சந்தையில் கிடைக்கின்றன. கேமரா வைக்கலாம். இவ்வளவு பெரிய கடைக்கு இது ஒரு செலவா?

முதலாளிகளிடம் நான் கேட்பது நாலே விஷயம்தான். அவசர வழியில் பூட்டும் கூடாது, பெட்டியும் கூடாது. தீயணைப்பான் சிலிண்டரின் முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள், அதைப் பிடித்து அடிக்க ஒவ்வொரு மாடியிலும் நாலு பேருக்காவது சொல்லிக் கொடுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை மணியடித்து எல்லோரையும் இறக்கிப் பாருங்கள், எத்தனை நிமிடம் ஆகிறதென்று தெரியும். மணி அடித்தால் யாரையும் கேட்காமல் கீழே இறங்கலாம், சம்பளம் பிடிக்க மாட்டோம் என்று வாயால் சொல்லுங்கள். இந்தக் கடைசி ஒன்றுக்குக் காசே செலவில்லை. தாஸ்ரீனில் இந்த ஒன்று இருந்திருந்தால் எத்தனையோ பேர் வீடு திரும்பியிருப்பார்கள்.

வாடிக்கையாளர்களாகிய நமக்கும் வேலை இருக்கிறது. நாள் முழுக்க நிற்கும் கடைப் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. அதற்குமுன் எத்தனை வருடம் அவர்கள் நிற்பதைப் பார்த்துக்கொண்டே நாம் புடவை எடுத்தோம்! கதவு விஷயத்திலும் அப்படி இருக்க வேண்டாம். அடுத்த முறை பெரிய கடைக்குப் போனால் பில் போடுமுன் கேளுங்கள்: "இன்னொரு படிக்கட்டு எங்கே? திறந்திருக்கா?" பத்து பேர் கேட்டால் மேனேஜர் முதலாளியிடம் சொல்வார். நூறு பேர் கேட்டால் முதலாளியே வந்து பார்ப்பார்.

நான் மேனேஜரிடம் பேசிவிட்டு வந்த மறுநாள் அந்தப் பெண்ணிடமிருந்து வாட்ஸப்பில் செய்தி வந்தது. "சார், பெட்டியை எல்லாம் எடுத்துட்டாங்க. பூட்டு அப்படியேதான் இருக்கு. நீங்க கேட்டது என்னாலதான்னு பேசிக்கிறாங்க. தயவுசெஞ்சு இனிமே எதுவும் கேக்காதீங்க சார்."

அதனால்தான் கடையின் பெயரையும் ஊரையும் இங்கே எழுதவில்லை. ஆனால் கேட்காமல் இருக்க என்னால் முடியாது. எந்தக் கடை என்று தெரியாத அளவுக்கு எல்லாக் கடைகளிலும் கேட்டுவிட்டால், அந்தப் பிள்ளையை மட்டும் யாரும் கைகாட்ட முடியாது அல்லவா? நீங்களும் கேளுங்கள்.