சுண்டலுக்கும் ஜாதியா?

நவராத்திரி வந்தால் சேலம், நாமக்கல் பக்கத்திலும் கொலு வைத்த வீடுகளில் பிள்ளைகள் ஏறி இறங்கிச் சுண்டல் வாங்குகிறார்கள். பிள்ளைகள் தின்பதில் நமக்குத் தகராறில்லை. கடலை நல்ல ஆகாரமே. ஆனால், தோழர்களே, தெருக் கூட்டுகிறவரின் பிள்ளை எந்தக் கொலுவண்டை நிற்கிறது? அதற்கு மறுநாள் காலை, கொல்லைப்புறத்தில், ஊசிப்போன மிச்சம்! இதற்குப் பெயர் தருமமாம்!

அமெரிக்காவில் அக்டோபர் 31-இல் பிள்ளைகள் பேய்வேஷம் போட்டு வீடு வீடாய் மிட்டாய் கேட்கிறார்கள். அதுவும் ஆவிப் பயத்தில் பிறந்த பழக்கந்தான். பயம் போய்விட்டது, மிட்டாய் நின்றது. மிஞ்சியதைச் சில பல் வைத்தியர்களே விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள், பிள்ளைகளின் பல் கெடக்கூடாதென்று. நம்மவரோ பொம்மைக்கு ஒன்பது படி கட்டி, மனிதனை வாசற்படியில் நிறுத்துகிறார்கள்.

கொலு வைப்போரைக் கேட்கிறோம்: வருகிற நவராத்திரிக்கு, மாலையிலேயே, சுடச்சுட, ஊரிலுள்ள அத்தனை பிள்ளைகளையும் உள்ளே கூப்பிடுவீர்களா?