தங்கச்சியின் வால்வை யார் தெரிவு செய்வது?

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் யாருக்காவது இருதய வால்வு மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தால் முழுவதையும் வாசியுங்கள். மற்றவர்கள் பாதியில் விட்டாலும் கோபமில்லை.

எங்கள் தங்கச்சிக்கு 31 வயது. ஆறு வயதில் ஒரு மகள். மூன்று மாதங்களுக்கு முன் கொழும்பில் அவளுக்கு மைட்ரல் வால்வு மாற்றினார்கள். அல்ஹம்துலில்லாஹ், இப்போது நன்றாக இருக்கிறாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறோம். "எழுதுங்க, ஆனா என்னப் பாவப்பட்டவளாக் காட்டிராதீங்க" என்றாள். பயப்படத் தேவையில்லை தங்கச்சி, இதில் பிழை விட்டவர்கள் நாங்கள்தான்.

முதல் பிழை பழையது. ஒன்பது வயதில் அவளுக்குத் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்தது. சில வாரம் கழித்து முழங்கால் வீங்கியது. அது வற்ற, கணுக்கால் வீங்கியது. வாதக் காய்ச்சல் என்றார்கள். தொண்டையில் வந்த கிருமிக்கு எதிராக உடம்பு தொடங்கும் சண்டை இருதய வால்வையும் சேர்த்துக் காயப்படுத்தும் நோய் அது. திரும்பத் திரும்ப வந்தால் காயம் தழும்பாகி வால்வு தடித்துவிடும். அதனால்தான் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி. பதினேழு வயதில் அந்த ஊசியை நாங்களே நிறுத்தினோம். எந்த வைத்தியரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஊசி போட்ட நாளில் நடக்க முடியாமல் அழுவாள். "இப்ப நல்லாத்தானே இருக்கா" என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். இன்று வகுப்பில் ஒரு பிள்ளை மூட்டு நோகுது என்றால் "வளர்ற வயசு, அப்படித்தான்" என்று சொல்ல எங்களுக்கு வாய் வருவதில்லை.

மகள் பிறந்த பிறகு படி ஏற மூச்சு வாங்கியது. பிறகு ஒரு தலையணை போதாமல் மூன்று வைத்துப் படுத்தாள். எக்கோ செய்து பார்த்தபோது வால்வு சுருங்கியும் இருந்தது, ஒழுகவும் செய்தது. சுருக்கம் மட்டுமென்றால் சிலருக்குப் பலூன் வைத்து விரிக்கலாம். ஒழுக்கு மட்டுமென்றால் சிலருக்குத் தைத்துத் திருத்தலாம். இவளுடையது தடித்து, சுண்ணாம்பு படிந்து, இரண்டுக்கும் பிந்திவிட்டது. மாற்றத்தான் வேண்டும்.

எந்த வால்வு என்று முடிவெடுக்கும் நாளில் உம்மா, மாமி, மச்சான், காக்கா, நாங்கள் என்று ஒரு படையே உள்ளே போனோம். வைத்தியர் நல்ல மனிதர், பொறுமையானவர். ஆனால் பேசியது சிங்களத்தில். தங்கச்சிக்குச் சிங்களம் சந்தைக்குப் போய்வர மட்டும்தான். காக்கா மொழிபெயர்த்தார். வைத்தியர் நாலு நிமிஷம் விளக்கினார். காக்கா அவளைப் பார்த்து, "ரெண்டு வகை இரிக்காம். நல்லதப் போடுவாங்க, பயப்படாதே" என்றார். அவ்வளவுதான்.

பிறகு வைத்தியர் அவளைப் பார்த்தே கேட்டார்: இன்னொரு பிள்ளை பெறும் யோசனை இருக்கிறதா? அவள் வாய் திறக்கும் முன் மாமி, "ஓம் டொக்டர், ஒரு ஆம்புளப் புள்ளையாவது வேணுமே" என்றார். உம்மா, "முதல்ல அவட உயிர்" என்றார். காக்கா விலையைக் கேட்டார். தங்கச்சி கைப்பையின் வாரைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

அடுத்த இரண்டு வாரமும் குடும்ப வட்சப் குரூப்பில் ஒரே பேச்சு: பன்றி வால்வு ஹராமா? குரல் பதிவுகள் பறந்தன. கடைசியில் மௌலவி ஒருவரிடம் போனோம். உயிர் காக்கும் நிர்ப்பந்தத்தில் மார்க்கம் இடம் தருகிறது, வேறு வழியிருந்தால் அதை எடுங்கள் என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார். பிறகுதான் வைத்தியரிடம் கேட்கத் தோன்றியது. மாட்டின் இருதயத்தைச் சுற்றியிருக்கும் சவ்விலிருந்து செய்யும் வால்வும் இருக்கிறது, அதைப் போடலாம் என்றார். முதல் நாளே கேட்டிருந்தால் ஒரு நிமிஷ வேலை. இரண்டு வாரமாகப் பன்றியைப் பற்றி நூறு பேர் பேசினார்கள், அவளுடைய விருப்பத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு ஒன்றை அடித்து அடித்துச் சொல்லித் தந்தார்கள்: விளங்கிச்சா என்று கேட்காதே, விளங்கியதைச் சொல்லச் சொல். வகுப்பில் செய்கிறோம், வீட்டில் செய்யவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அவளோடு மட்டும் இருந்து, கொப்பியில் படம் கீறி, வைத்தியர் சொன்னதை முழுதாகத் தமிழில் சொன்னோம்.

இயந்திர வால்வு: ஊரில் இரும்பு வால்வு என்பார்கள், உண்மையில் விசேட வகைக் கரிமத்தால் செய்தது. தேயாது, பெரும்பாலும் ஆயுளுக்கும் நிற்கும். ஆனால் அதில் இரத்தம் உறையாமலிருக்க வாழ்நாள் முழுக்க வோர்பரின் குளிசை. கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில் வோர்பரின் சிசுவைப் பாதிக்கலாம். அதை நிறுத்தி ஊசிக்கு மாறினால் வால்வில் கட்டி உறையும் அபாயம் கூடும். திசு வால்வு: வோர்பரின் சில மாதங்களோடு முடியலாம், பிள்ளை பெறுவது ஓரளவு இலகு. ஆனால் அது தேயும். வயதானவர்களுக்குப் பத்துப் பதினைந்து வருஷம் போகலாம், இளம் வயதில் இன்னும் விரைவாகக் கெடும். கெட்டால் மறுபடி சத்திரசிகிச்சை.

அவளைத் திருப்பிச் சொல்லச் சொன்னோம். ஒரு பிழையுமில்லாமல் சொன்னாள். பிறகு, "ஆம்புளப் புள்ள வேணுமெண்டு நான் ஒரு நாளும் சொல்லல்ல. இரிக்கிற புள்ளைய வளக்கணும். அந்த மேசையில ரெண்டாந்தரம் படுக்க ஏலா. குளிசை குடிக்கிறன்" என்றாள். மச்சான் "அவ சொல்றதுதான்" என்றார். மாமி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஆணம் காய்ச்சிக் கொண்டு வந்தார்.

இயந்திர வால்வுதான் சரி என்று இதை எடுத்துவிடாதீர்கள். பொதுவாக இளையோருக்கு இயந்திரம், 65, 70 தாண்டியவர்களுக்குத் திசு என்று வைத்தியர்கள் ஆலோசனை சொல்வார்கள். ஆனால் பிள்ளை வேண்டும் என்று ஆசைப்படும் பெண், இரத்தப் பரிசோதனைக்கு வசதியில்லாத தூரத்தில் இருப்பவர், குளிசையை ஒழுங்காகக் குடிக்க மாட்டேன் என்று தன்னைத் தானே அறிந்தவர், இவர்களுக்கு முடிவு வேறாக வரலாம். எங்கள் தங்கச்சியின் நிலையில் இன்னொருத்தி திசுவைக் கேட்டிருந்தால் அவளும் சரிதான்.

சத்திரசிகிச்சைக்குப் பின்னுள்ள நாட்களுக்கு நாங்கள் தயாராக இருக்கவில்லை. நெஞ்செலும்பை நடுவால் பிளந்து, பிறகு எஃகுக் கம்பியால் கட்டுகிறார்கள். அது பொருந்த இரண்டு மூன்று மாதம். தண்ணி வாளி தூக்கக் கூடாது, மகளைத் தூக்கக் கூடாது, கையை ஊன்றி எழும்பக் கூடாது. இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். மூன்று பந்துள்ள பிளாஸ்டிக் சாமானில் மூச்சை இழுத்து இழுத்துப் பந்தை உயர்த்த வேண்டும். தொழுகை கதிரையில். சாப்பாடு இறங்கவில்லை, காரணமில்லாமல் அழுதாள். கண் பட்டுவிட்டது என்று உம்மா ஓதிப் பார்க்கக் கூப்பிட்டார். ஓதுவது நல்லது, ஆனால் பெரிய சத்திரசிகிச்சைக்குப் பிறகு பலருக்கு இப்படி மனம் சோர்வதுண்டு என்று தாதி சொன்ன பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. இரவில் பக்கத்தில் படுத்தால் வால்வின் 'டிக் டிக்' கேட்கும். முதல் வாரம் அவளுக்குத் தூக்கமில்லை. இப்போது எங்களுக்குத்தான் கேட்கிறது, அவளுக்குக் கேட்பதில்லை.

பார்க்க வந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் வாரத்தில் வீடு நிறைய ஆட்கள். அன்புதான், மறுக்கவில்லை. ஒருவர் "வோர்பரின் எலி மருந்தாமே" என்றார். அது உண்மைதான், எலிக்கொல்லியாக வந்து 1950களில் மனிதருக்கு மருந்தானது. ஆனால் நெஞ்சில் தையலோடு இருப்பவளிடம் சொல்லும் விஷயமா? இன்னொருவர் கீரையே தொடக்கூடாது என்றுவிட்டுப் போனார். அதை நம்பி வல்லாரைச் சம்பலும் முருங்கை இலைச் சுண்டலும் மூன்று வாரம் வீட்டில் இல்லை. கிளினிக்கில் கேட்டால், சாப்பிடலாம், ஒரு வாரம் கட்டுக்கட்டாகவும் மறுவாரம் இல்லாமலும் இருக்கக் கூடாது, அளவு ஒரே மாதிரி இருக்கட்டும் என்றார்கள். ஆபத்து வேறு இடத்தில்: கடையில் வாங்கும் நோவுக் குளிசை, யாரோ கொடுக்கும் கசாயம். பல் பிடுங்கப் போனாலும் வால்வு இருப்பதை முதலிலேயே சொல்ல வேண்டும். அந்தப் பல் விஷயம் எங்களுக்குத் தெரியவே தெரியாது.

இரத்தம் உறையும் அளவை ஐ.என்.ஆர். என்று பார்க்கிறார்கள். அவளுக்கு 2.5க்கும் 3.5க்கும் இடையில் நிற்க வேண்டும். ஒரு முறை 4.8 வந்தது, பல் தீட்டும்போது இரத்தம் கசிந்தது. அளவு மாற்றினார்கள். இப்போது இஷாவுக்குப் பிறகு குளிசை குடித்துவிட்டுக் கொப்பியில் அவளே அடையாளம் போடுகிறாள். கொப்பியைக் காக்கா கேட்டாலும் கொடுப்பதில்லை.

வருகிற புதன்கிழமை மறுபடி கிளினிக். தமிழ் தெரிந்த தாதி ஒருவர் அன்று கடமையில் இருப்பாராம், விசாரித்து வைத்திருக்கிறாள். மச்சானோடு மட்டும் உள்ளே போகப் போகிறாளாம். நாங்கள் வெளியே வாங்கில் இருப்போம். துஆ செய்யுங்கள்.