பந்தாடும் பிள்ளையின் பசியாறல்



உத்திரமேரூரில் அஸர் தொழுகைக்குப் பின் நம் பிள்ளைகள் கால்பந்தாடுவதை அன்றாடம் காண்கிறேன். அவர்களுள் ஒருவனின் தாயார் சென்ற வாரம் மதரஸாவுக்கு வந்தார். "ஹஜ்ரத், அரசு விளையாட்டு விடுதித் தேர்வுக்குப் போகிறான். எந்தச் சத்துமாவு டப்பா வாங்கிக் கொடுக்கலாம்?" என்று வினவினார். காலையில் என்ன உண்கிறான் என்றேன். "தேநீரும் இரண்டு பிஸ்கட்டும்தான். ஓதிவிட்டு வந்ததும் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிடுகிறான்" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. பாடத்தில் தூங்கி வழிகிறான் என அவனைப் பலமுறை கடிந்தவன் நான். சுபுஹுக்குப் பின் வரச்சொல்லி, பசியாற நேரமின்றி அனுப்பியவனும் நானே.

ஹைதராபாத் சையத் அப்துல் ரஹீம் அவர்கள் நினைவுக்கு வந்தார். அவரும் பள்ளி ஆசிரியர்தாம். 1950 முதல் 1963-இல் வஃபாத்தாகும் வரை இந்திய அணியைப் பயிற்றுவித்து, 1951-லும் 1962-லும் ஆசியப் போட்டியில் தங்கம் பெறச் செய்தார். ஜகார்த்தாவில் நடந்த 1962 இறுதியாட்டத்தில் தமிழர் பீட்டர் தங்கராஜ் கோல் காக்க, தென்கொரியாவை 2-1 என வென்றோம்.

90 நிமிட ஆட்டத்தில் ஒரு வீரர் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஓடுகிறார். அதற்கான எரிபொருள், சோறு, இட்லி, கேழ்வரகு ஆகியவற்றின் மாவுச்சத்திலிருந்து தசைகளில் சேமிக்கப்படும் சர்க்கரையே. அச்சேமிப்புக் குறைந்தால் இரண்டாம் பாதியில் கால்கள் தளரும். ஆகவே ஆட்டத்திற்கு 2 அல்லது 3 மணி நேரம் முன்பு வயிறார உண்ண வேண்டும். பிரியாணி வேண்டாம், கொழுப்பு செரிக்க வெகுநேரமாகும். தசை வளர முட்டை, பருப்பு, நம் பக்கத்து வயல்களில் விளையும் வேர்க்கடலை போதுமானவை. வெயிலில் ஆடும் பிள்ளை தாகம் எடுக்குமுன்பே நீரும் உப்பிட்ட மோரும் பருகட்டும்.

பதின்பருவப் பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. சுபுஹுக்கு எழ வேண்டியவன் இஷாவுக்குப் பின் செல்பேசியோடு படுத்தால் எந்தச் சத்துமாவு அவனைத் தாங்கும்?

ஆட்டத்திற்கு முன் உடலைச் சூடேற்றுவதையும் பிள்ளைகள் வீண் வேலையென எண்ணுகிறார்கள். முழங்கால், கணுக்கால் காயங்களைக் குறைக்கவென்றே உலகக் கால்பந்துச் சம்மேளனம் 20 நிமிடப் பயிற்சி முறையொன்றை வகுத்துள்ளது. மெல்லோட்டம், ஒற்றைக்காலில் நிற்றல், குதித்து இறங்குதல் முதலியவை அதில் உண்டு. அதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை.

ரமளானில் என்ன செய்வது? கடும் பயிற்சியைத் தராவீஹுக்குப் பின் வைத்துக்கொள்க. மஃரிபுக்கு முன் இலேசான பயிற்சி போதும். ஸஹர் உணவைத் தவறவிடலாகாது. அரிசி, பருப்பு, நீர், உப்பு யாவும் ஒருங்கே கலந்த நம் நோன்புக் கஞ்சிக்கு நிகரான பானத்தை எந்தக் கடையிலும் நான் கண்டதில்லை. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 2021-இல், நோன்பு திறப்பதற்காக ஆட்டத்தையே சற்று நிறுத்தினார்கள்.

இப்போது மக்தபை அரைமணி நேரம் முன்னதாக முடிக்கிறேன். டப்பாவுக்கு வைத்திருந்த பணத்தில் அந்தத் தாயார் முட்டையும் கடலையும் வாங்கியிருக்கிறார். தேர்வு அடுத்த மாதம். முடிவை இன்ஷா அல்லாஹ் இப்பகுதியிலேயே எழுதுகிறேன்.