முதுகுத்தண்டில் 'கட்டி': ஸ்கேன் சொல்வது பாதிக் கதைதான்!

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் 'மாஸ்' என்று ஒரு சொல் இருந்தால் போதும், அன்றிரவே வீட்டில் 'கேன்சர்' என்று முடிவு கட்டிவிடுகிறோம். கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது, நரம்பை அழுத்துகிறதா என்பதை ஸ்கேன் காட்டும். அது என்ன நோய் என்பதைப் பல நேரங்களில் உறுதியாகச் சொல்லாது.

என்னவாக இருக்கலாம்?

நரம்பில் வளரும் சாதாரணக் கட்டி, மைலோமா, லிம்போமா, வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்றுநோய், கிருமித்தொற்று என எதுவாகவும் இருக்கலாம். நம் ஊரில் மறக்கவே கூடாதது காசநோய். இருமலே இல்லாமல் முதுகெலும்பை மட்டும் அது அரிக்கும். 1779-ல் பெர்சிவல் பாட் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை விவரித்ததால் 'பாட்ஸ் ஸ்பைன்' என்று பெயர்.

எப்படி உறுதி செய்வது?

ரத்தப் பரிசோதனைகளோடு, பெரும்பாலும் பயாப்ஸி தேவைப்படும். சி.டி. ஸ்கேன் உதவியோடு ஊசி மூலம் துளி சதை எடுப்பார்கள். 'ஊசி போட்டா பரவிடும்' என்ற பயம் வேண்டாம். முறையாகத் திட்டமிட்டுச் செய்தால் அந்த ஆபத்து மிகக் குறைவு.

இங்கேதான் ஒரு சின்ன விஷயம் பெரிதாகிறது. எடுத்த சதை முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால், அதில் கிருமியை வளர்த்துப் பார்க்கவே முடியாது. எனவே ஒரு பகுதி ஃபார்மலினில் போக வேண்டும். இன்னொரு பகுதி சலைனில் வைத்து, கல்ச்சருக்கும் சிபிநாட் சோதனைக்கும் போக வேண்டும். எந்த மருந்து வேலை செய்யும் என்பதும் அதில்தான் தெரியும். "டாக்டர், ரெண்டுக்கும் அனுப்புறீங்களா?" என்று முன்கூட்டியே கேளுங்கள். நோயாளி கேட்காமலேயே இதைச் செய்வது மருத்துவமனைகளின் கடமை. ஸ்டீராய்டு கொடுத்த பிறகு எடுத்தால் லிம்போமா பிடிபடாமல் போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எங்கே போவது?

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் முதுகுவலி சாதாரணம். ஒருநாள் லீவு போட்டால் சம்பளம் போகும் என்பதால் வலி மாத்திரையிலேயே மாதங்கள் ஓடிவிடும். ஆனால், 1928-ல் காசநோய்க்காகத் தொடங்கப்பட்ட தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது. காசநோய் என்றால் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம். கட்டி என்றால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவு உண்டு.

காத்திருக்கவே கூடாத நேரம்

கால் பலவீனம், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடின்றிப் போவது, தொடை இடுக்கில் மரத்துப்போவது - இதில் ஒன்று வந்தாலும் அன்றே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். மற்றபடி, நோயின் பெயர் தெரியும் முன் மருந்தைத் தொடங்க யாராவது அவசரப்படுத்தினால், 'ஏன்?' என்று ஒரு கேள்வி கேளுங்கள்.