முறை தவறாத தண்ணீர்

வைகை அணையிலிருந்து திருமங்கலம் பிரதான கால்வாய்க்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்றால், எங்கள் ஊர் டீக்கடைகளில் வேறு பேச்சே இருக்காது. சுமார் 19 ஆயிரம் ஏக்கர் ஒருபோக நிலம் அதை நம்பி இருக்கிறது. வழக்கமாக 120 நாள் கணக்கு: முதல் 45 நாள் தொடர்ந்து வரும், மிச்சம் 75 நாள் முறை வைத்து, விட்டுவிட்டு வரும். இந்த முறைத் தண்ணீருக்கும் பூமி சூடாவதற்கும் சம்பந்தம் உண்டு.

நெல் வயலில் தண்ணீர் நின்றுகொண்டே இருந்தால் மண்ணுக்குள் காற்று போகாது. காற்றில்லாத அந்தச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள், மக்கும் தாளிலிருந்தும் வேரிலிருந்தும் மீத்தேனை உண்டாக்குகின்றன. அதில் பெரும்பகுதி நெற்பயிரின் தண்டு வழியாகவே வெளியேறுகிறது. நூறு ஆண்டுக் கணக்கில், ஒரு கிலோ மீத்தேன் ஒரு கிலோ கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றும்.

இதற்கு வழி நம் சம்சாரிகள் அறிந்ததுதான்: காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது வயலைக் காயவிட்டுப் பிறகு பாய்ச்சுவது. பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதற்கு எளிய அளவுமுறை ஒன்றையும் பரப்பியது. துளையிட்ட குழாயை வயலில் பதித்துவைத்து, உள்ளே நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும். நட்ட புதிதிலும் பூக்கும் தருணத்திலும் மட்டும் காயவிடக் கூடாது. மீத்தேன் பாதியாகக்கூடக் குறையலாம், விளைச்சல் குறையாது, தண்ணீரும் மிச்சம். யூரியாவை மட்டும் பிரித்து, அளவாகப் போட வேண்டும். அள்ளிப் போட்டால், மீத்தேனைவிடப் பன்மடங்கு சூடேற்றும் நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பிவிடும்.

இத்தனை தெரிந்தும் வயலில் ஏன் தண்ணீரைத் தேக்குகிறார்கள்? அடுத்த முறை சொன்ன நாளில் வந்து சேருமா என்ற பயம்தான். கடைமடைக்காரர் கிடைத்த தண்ணீரைக் கட்டிவைக்கத்தான் செய்வார். வயல் காய்ந்தால் களை மண்டும், களையெடுக்கக் கூலி ஏறும். அவரிடம் போய்ப் பருவநிலை பற்றிப் பாடம் நடத்துவது நியாயமே இல்லை.

முறை வைப்பது என்றாலே ஒரு காய்ச்சல், ஒரு பாய்ச்சல்தான். நாள் தவறாவிட்டால் அந்த ஏற்பாடே மீத்தேனைக் குறைக்கும் திட்டமாகிவிடும். ஆகவே நீர்வளத்துறைக்கு என் வேண்டுகோள்: எந்த ஊருக்கு எந்த நாள் முறை என்பதைத் தண்ணீர் திறக்கும்போதே எழுதி ஒட்டுங்கள். கிளைக் கால்வாய்களை அதற்கு முன்பே தூர்வாருங்கள். தண்ணீர் கடைமடையை எட்டியதா என்று ஒவ்வொரு முறையும் நேரில் போய்ப் பாருங்கள். தண்ணீர் வரும் என்று நம்புகிற சம்சாரி, தன் வயலைத் தயங்காமல் காயவிடுவார்.