ஐந்து பவுனும் ஒரு பழியும்

ஆங்கில இலக்கியம் பற்றிப் பேச நம்மவர் மேடையேறினால் தவறாமல் ஒலிக்கும் பழிச்சொல் ஒன்று உண்டு. 'பாரடைஸ் லாஸ்ட்' என்னும் மாகாவியத்திற்காக மில்டனுக்குப் பதிப்பாளன் கொடுத்தது வெறும் ஐந்து பவுன் என்பதே அது. அவையோர் 'ஐயோ' என்பர். பதிப்பாளன் என்றாலே புலவனின் குருதியை உறிஞ்சும் அட்டை என்ற தீர்ப்பும் அங்கேயே எழுதப்பட்டுவிடும். இத்தீர்ப்பை நான் ஏற்பதற்கில்லை.

1667 ஏப்ரல் 27ஆம் நாள் மில்டனும் சாமுவேல் சிம்மன்சும் செய்துகொண்ட ஒப்பந்தத்தைப் படித்த பின்னரன்றோ பழிக்க வேண்டும்? உடனடியாக ஐந்து பவுன்; முதற்பதிப்பில் 1300 படிகள் விற்றதும் மேலும் ஐந்து; அடுத்த இரு பதிப்புகளுக்கும் அவ்வாறே. ஆக, இருபது பவுன். ஆசிரியர் கேட்டால், விற்பனை குறித்து நீதிமன்ற அதிகாரி முன் பதிப்பாளர் சத்தியம் செய்து சொல்லவேண்டும் என்ற விதியும் அதில் உண்டு. கோப்புகளோடு காலந்தள்ளும் என் போன்றோர்க்கு அந்த ஒரு விதியின் அருமை நன்கு விளங்கும்.

அன்றைய வழக்கு யாது? 1557இல் அரச பட்டயம் பெற்ற லண்டன் நூல்வணிகர் சங்கத்தின் பதிவேட்டில் எவன் பெயரில் நூல் பதிவாயிற்றோ, அவனுக்கே உரிமை. ஆசிரியனுக்கென உரிமை வகுத்த சட்டம் 1710இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கும் முன்பே இத்தகைய ஒப்பந்தத்தில் ஒருவன் கையெழுத்திட்டிருக்கிறான்!

யாரோடு கையெழுத்திட்டான் என்பதையும் நினைக்கவேண்டும். மன்னராட்சி மீண்ட 1660இல் சிறைப்பட்டவர் மில்டன். அவர்தம் நூல்கள் கொலைத்தண்டனை நிறைவேற்றுவோன் கையால் எரிக்கப்பட்டன. பார்வையும் இழந்தவர். 1666 செப்டம்பர்ப் பெருந்தீயிலோ புனித பவுல் ஆலயத்தைச் சூழ்ந்த புத்தகக் கடைகளும், கிடங்கில் அடுக்கிய நூல்களும் சாம்பலாயின. எட்டு மாதமும் கடக்கவில்லை. எதுகை இல்லாத பத்துக் காண்டச் செய்யுளுக்குக் காகிதம் வாங்கினான் சிம்மன்ஸ். (அவன் தந்தை மாத்யூவும் மில்டனின் துண்டு நூல்களை அச்சிட்டவரே.)

படி மூன்று ஷில்லிங் எனில் 1300 படிக்கு 195 பவுன் ஆயிற்றே என்பாரும் உளர். காகித விலையும் அச்சுக்கூலியும் கட்டுக்கூலியும் கடைக்காரர் கழிவும் எங்கே போயின? நூல் விற்காதிருந்தால் மில்டனிடம் சென்று ஐந்து பவுனைத் திருப்பிக் கேட்டிருப்பானா?

வாங்கியவர்கள் கதைப் போக்கு விளங்காமல் திகைத்தனர். எதுகை ஏன் இல்லை என்றும் வினவினர். சிம்மன்ஸ் அதற்குச் செவிசாய்த்தான். ஒவ்வொரு காண்டத்திற்கும் கதைச் சுருக்கமும் யாப்பு பற்றிய விளக்கமும் கவிஞரிடம் பெற்று 1668 முதல் படிகளில் சேர்த்தான். இன்று மாணவர்கள் உருப்போடும் அவ்விளக்கம் அவ்வாறு கிடைத்ததே. 1669 ஏப்ரலில் இரண்டாவது ஐந்து பவுனும் கவிஞர் கைக்கு வந்தது.

மில்டன் 1674இல் மறைந்தார். 1680இல் அவர் மனைவி எட்டு பவுன் பெற்று எஞ்சிய உரிமையை விட்டுக்கொடுத்தார். உரிமை முழுவதையும் சிம்மன்ஸ் விற்றது இருபத்தைந்து பவுனுக்கு. பெருஞ்செல்வம் குவித்தவர் பின்னர் அவ்வுரிமையை வாங்கிய ஜேக்கப் டான்சன். 1688இல் படங்களோடு பெரும்பதிப்பு வெளியிட்டவர் அவரே. கண்ணீர் விடுவோர் அவர் பெயரையேனும் சொல்லி விடட்டும், சிம்மன்சை விட்டுவிடட்டும்.