ஒரே திருட்டு, இரண்டு தண்டனை!

விருதுநகர் மாவட்டம் ஆனைக்குட்டம், அர்ச்சுனா நதியின் குறுக்கே அணை கட்டிய ஊர். அந்த வட்டாரத்துக்குச் சோறு போடுவது பட்டாசும் தீப்பெட்டியும்தான். ஆலை வேலைக்குப் போகிறவர்களில் பெண்கள் ஏராளம்.

அப்படி ஒரு தொழிலாளி, பிள்ளைகளின் தீபாவளிக்காக நாலு பட்டாசுப் பெட்டிகளை மறைத்து எடுத்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட்டில் பிடிபடுகிறார். பொருளின் மதிப்பு ஐந்நூறு ரூபாய். அவருக்கு என்ன தண்டனை?

சட்டம் சொல்வது

திருட்டு திருட்டுதான். அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் சட்டம் ஆளுக்கு ஒரு தராசு வைத்திருக்கிறது.

2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் பாரதீய நியாய சன்ஹிதா அமலில் இருக்கிறது. அதன் 303-வது பிரிவில் ஒரு சலுகை உண்டு. 5 ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல் தடவை திருடியவர், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சிறை இல்லை. சமூக சேவைதான் தண்டனை.

306-வது பிரிவு வேறு மாதிரி. முதலாளியின் பொருளை வேலைக்காரர் திருடினால் 7 ஆண்டு வரை சிறை. அபராதமும் உண்டு. 5 ஆயிரம் ரூபாய் சலுகை இங்கே கிடையாது!

கடை வாசலில் இருந்த பட்டாசை வழிப்போக்கன் எடுத்தால் சமூக சேவை. அதே பட்டாசை ஆலையில் வேலை செய்பவர் எடுத்தால், வாரண்டு இல்லாமலே கைது. ஜாமீனும் கோர்ட்டு மனம் வைத்தால்தான்.

இது வெள்ளைக்காரர் காலத்து வேறுபாடு. 1860-ம் ஆண்டு தண்டனைச் சட்டத்தில் 381-வது பிரிவாக இருந்தது. புதிய சட்டம் எண்ணை மாற்றியது; மனதை மாற்றவில்லை.

நம்பிக்கைத் துரோகம்?

"நம்பி உள்ளே விட்டவனே திருடலாமா?" என்று முதலாளிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பஸ் கண்டக்டர்கள் வழக்குகளில் சுப்ரீம் கோர்ட்டும், தொகை சிறியது என்பது முக்கியம் அல்ல, நம்பிக்கை போனதே முக்கியம் என்று கூறியிருக்கிறது.

ஆனால் அது வேலை போவதைப் பற்றிய பேச்சு. சிறைக்கும் அதே அளவுகோலா? லட்சக்கணக்கில் பணத்தைச் சுருட்டிய காசாளரும், நாலு பெட்டி பட்டாசு எடுத்த கூலிக்காரரும் ஒரே பிரிவில் நிற்பது சரியா?

ஜெர்மனியில் பெர்லின் நகரில் நடந்ததைப் பாருங்கள். ஒரு கடையில் 30 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்த பெண், யாரோ தவறவிட்ட காலி பாட்டில் சீட்டுகளைக் கொடுத்து 1 யூரோ 30 செண்டு பெற்றார். 2008-ம் ஆண்டு வேலை போயிற்று. 2010-ம் ஆண்டு அந்நாட்டின் மத்திய தொழிலாளர் கோர்ட்டு, அந்த நீக்கம் செல்லாது என்றது. செய்தது தவறு, ஆனாலும் இத்தனை ஆண்டு உழைப்பு அந்தச் சிறு தொகையால் அழிந்துவிடாது என்பதே தீர்ப்பின் சாரம்.

கேட்டில் கோர்ட்டு இல்லை

பிடிபட்டவரை அடித்து ஒப்புக்கொள்ள வைத்தால் அதுவும் குற்றம். 120-வது பிரிவுப்படி 7 ஆண்டு வரை சிறை. திருடியவருக்கு எத்தனையோ, அடித்தவருக்கும் அத்தனை! அறையில் பூட்டி வைப்பதும் குற்றமே.

கைதானால் காரணத்தைச் சொல்லவேண்டும். வக்கீலைப் பார்க்க விடவேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்தவேண்டும். பெண்களைச் சூரியன் மறைந்தபின், விதிவிலக்கான நேரம் தவிர, கைது செய்யக்கூடாது. போலீசாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் கோர்ட்டில் சாட்சியம் ஆகாது.

வேலையை விட்டு நீக்கினாலும், செய்த வேலைக்குரிய கூலியை 2 வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடக்கூடாது.

பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளிகளுக்கும் இலவச வக்கீல் உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தால் போதும்.

வழி என்ன?

1958-ம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி, முதல் தடவை தவறியவரை நீதிபதி எச்சரித்து விட்டுவிடலாம். முதலாளியிடம் திருடியவருக்கும் இது பொருந்தும். ஆனால் அது நீதிபதியின் விருப்பம். அந்தத் தீர்ப்பு வருவதற்குள் கைதும் ஜெயிலும் வந்துவிடுகின்றன.

303-வது பிரிவின் சலுகையை 306-வது பிரிவிலும் சேர்க்கவேண்டும். முதல் தடவை, 5 ஆயிரத்துக்குள், பொருள் திரும்பிவிட்டது என்றால் சமூக சேவை போதும். முதலாளிக்கு நஷ்டம் இல்லை. முறைப்படி விசாரித்து வேலையை விட்டு நீக்கும் உரிமையும் அவருக்கு இருக்கிறது.

ஒன்றில் மட்டும் தயவு கூடாது. பட்டாசு மருந்து! ஒரு பிடி மருந்து வீட்டுக்கு வந்தால் அது வெறும் திருட்டு அல்ல. உயிருக்கே உலை. 1884-ம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் பாயும்.

மற்றபடி, வழிப்போக்கனுக்குக் காட்டும் இரக்கத்தைக் கூட, உழைத்துக் கொடுத்த கைக்கு மறுப்பது என்ன நீதி?